நல்லா சில்லுன்னு

கூடலூரிலிருந்து போன் வந்தபோது காலை ஏழரை. மலைமாட்டுக் கிடை வைத்திருக்கும் ஓர் அக்கா பேசினார். அவருடைய காளை பாறைச் சரிவில் உருண்டு செத்துவிட்டது. இந்த வருஷம்தான் பொலிக்கு விட்டிருந்தார்; ஒரு பசுவும் இன்னும் சினை பிடிக்கவில்லை. மாட்டு டாக்டர் விதை இரண்டையும் அறுத்துக் கொடுத்து, தேனியில் விந்தை உறையவைத்துக் காக்கும் எங்கள் ஆய்வகத்தின் எண்ணையும் கொடுத்திருந்தார்.

நான்கு வரி சொன்னேன். கழுவக் கூடாது. கீறக் கூடாது. ஐஸில், நல்லா சில்லுன்னு இருக்க வேண்டும். மதியத்துக்குள் வர வேண்டும்.

பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் தூக்குவாளி.

"ஐஸ் சீக்கிரம் கரையக் கூடாதுன்னு கல்லுப்பு அள்ளிப் போட்டேன். குல்பிக்காரக அப்படித்தான செய்வாக?"

ஒரு விதை ஐஸுக்குள் புதைந்து கல்லாக விறைத்திருந்தது. உப்புப் போட்ட ஐஸ் உறைநிலைக்கும் கீழே போய்விடும். அதிலிருந்து எடுத்த சொட்டில் எதுவும் அசையவில்லை.

"நீதான தாயி சில்லுன்னு சொன்ன?"

சொன்னேன். எவ்வளவு சில்லுன்னு என்று சொல்லவில்லை.

மற்றதை வாழை இலையில் சுற்றி மேலாக வைத்திருந்தார். அதில் கொஞ்சம் உயிரணுக்கள் சோர்வாக நெளிந்தன. உறையவைப்பதற்கு முன், குளிரில் அவை சாகாமலிருக்க, கிளிசரால் கலக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் இவை தாங்காது. மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள் ஓடும் ஒரு கண்ணாடிச் சில்லு எங்களிடம் இருந்தது. விரல் நீளம்தான். அதற்குள் உயிரணுக்கள் நகர நகர, கிளிசரால் சிறுகச் சிறுகச் சேரும். மறுபடி கிடைக்காத எதையும் அதுவரை அதில் நான் விட்டதில்லை; இன்று விட்டேன்.

இரண்டாவது வளைவில் ஒரு காற்றுக்குமிழ் நின்றது. பம்பை அழுத்தினால் உயிரணுக்கள் நசுங்கும். விட்டுவைத்தால், தேங்கும் கிளிசராலே கொல்லும்.

"என்னத்தா, பேச்சையே காணோம்?"

பம்பை ஒரு பொட்டு பின்னால் இழுத்தேன். குமிழ் சுருங்கி நழுவியது.

மூன்று சிறு குழல் நிறையத் தேறியது. திரவ நைட்ரஜனில் இறக்கிய பிறகு அவரிடம் சொன்னேன்: "ஒண்ணை உருக்கிப் பாத்தாத்தான் உசுரு இருக்கான்னு தெரியும். பாத்தது வீணாப் போயிரும்."

"பாக்காம வெச்சா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

காலி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பி வெச்சிருந்து, பின்னால ஏமாற முடியாது. பாத்துரு."

உருக்கினேன். நுண்ணோக்கியில் முதலில் வெறும் நீர். தட்டை நகர்த்தினேன். ஓரத்தில் ஒன்று வாலை அடித்தது. பிறகு நான்கைந்து. அவரைக் கூப்பிட்டேன்; தப்பான கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார், நான் சரிசெய்தேன்.

"ஆமா, இவந்தான். ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

சினை பிடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. வாளியைக் கழுவிக் கொடுத்தேன்.

"ரெண்டு குழலு, ரெண்டு பசு," என்றார் ஜீப்பில் ஏறும்போது. "எந்த ரெண்டுன்னு போய்ப் பாத்துச் சொல்றேன்."