சவரிராஜ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

காவிரிப் பாசனத்தில் மகன் தப்புச் செய்தால் தகப்பன் வரப்பில் நின்று திட்டுவார். அடுத்த வயல்காரனுக்குக் கேட்கும், அதோடு சரி. பெற்ற பிள்ளையை இங்கிலீஷில் அச்சேற்றி, கடல் தாண்டிப் போய்த் திட்டியவர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் உண்டு. மயிலாடுதுறைக்குக் கிழக்கே மூன்று மா குத்தகை நிலம் வைத்திருந்த சவரிராஜ். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. திட்டியதும் தெரியாது.

அவருடைய மகன் கிளமென்ட் அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள். மிதித்தவன் சும்மா இறங்கி வரவில்லை, டாக்டர் பட்டத்தோடுதான் வந்தான். ஆராய்ச்சி செய்தது ஆனைக்கொம்பன் ஈயைப் பற்றி. கொசு அளவுதான் இருக்கும். நெல் குருத்தை வெங்காயத்தாள் மாதிரி குழலாக்கிக் கதிரே வராமல் செய்துவிடும்.

"அவனவன் புள்ள கண்ணு டாக்டரு, பல்லு டாக்டரு. எம்புள்ள ஈ டாக்டரு" என்பார் சவரிராஜ். பெருமையா, நக்கலா என்பது அவர் முகத்திலிருந்து தெரியாது.

நடவைத் தள்ளிப்போட்டால் ஈ குறையும் என்று எஸ். கிளமென்ட் என்ற பேரில் அவன் முதல் கட்டுரை வெளியானது. அதற்குப் பிறகு பார்த்தால், தள்ளி நட்ட வயல்களில்தான் ஈ மொய்த்தது. ஆராய்ச்சியில் இது பெரிய குற்றமில்லை. தப்பைத் திருத்தி இன்னொரு கட்டுரை எழுதினால் போதும். ஆனால் 'நான் உளறிவிட்டேன்' என்று எழுதும் வழக்கம் அங்கே கிடையாது. யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வதுபோல, 'கிளமென்ட்டின் முடிவு ஒரே பருவத்தை நம்பிய அவசர முடிவு' என்றுதான் எழுதவேண்டும். எழுதினான். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினான்.

கட்டுரை திரும்பி வந்தது. ஈயைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் இருந்த மேற்கோள் பட்டியல்தான் குறை. கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடந்தது. குடும்பப் பேர் முதலில் வரவேண்டும், அப்புறம் காற்புள்ளி, முதலெழுத்து, அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பத்திரிகையின் பேர் சாய்வெழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில். இதில் ஒரு புள்ளி தவறினாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

மயிலாடுதுறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த விண்ணரசியிடம் போனான். அவள் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகியவள்; பேர்களை வரிசையில் நிறுத்துவதில் கெட்டிக்காரி.

"சார், எல்லாருக்கும் குடும்பப் பேரு போட்டாச்சு. கட்டுரை எழுதுனவருக்குத்தான் காணும். ஒங்க குடும்பப் பேரு என்ன?"

"நமக்கு ஏதுங்க அதெல்லாம்? எஸ். கிளமென்ட். அவ்வளவுதான்."

"எஸ்ஸுன்னா?"

"சவரிராஜ். எங்கப்பா."

"அப்பா குடும்பத்துலதான சார் இருக்காரு?"

இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டான் முனைவர் கிளமென்ட். அவள் தட்டிவிட்டாள்: சவரிராஜ், காற்புள்ளி, சி, புள்ளி. பழைய கட்டுரை மட்டும் எப்படி அச்சானதோ அப்படியே பட்டியலில் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் அது கிளமென்ட், எஸ். என்றே நின்றது. ஓர் ஆள் இரண்டு ஆளாகிப்போனதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

கட்டுரை அச்சாகி வந்தது. கிளமென்ட் ஒரு பிரதியை டீக்கடைக்குக் கொண்டுபோனான். கடைக்கார மீரா உசேன் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், இங்கிலீஷ் படிப்பார். படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சவரிராஜண்ணே, இத எழுதுனது நீங்கன்னு போட்டிருக்கு."

"நானா? என்னன்னு எழுதியிருக்கேன் பாய்?"

"கிளமென்ட்டு சொன்னது தப்பு, அவசரக்குடுக்கன்னு எழுதியிருக்கீங்க."

கடையே சிரித்தது. சவரிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போயிற்று. மடை திறப்பதில் தகராறு வந்தால், "நான் சொன்னத அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான், ஒனக்கென்னடா?" என்பார்.

இது வேடிக்கையாகவே போயிருக்கும், ஜப்பான் குறுக்கே வராமல் இருந்தால். அங்கே இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலைக்கு கிளமென்ட் விண்ணப்பம் போட்டிருந்தான். காலேஜில் தினக்கூலி மாதிரி பாடம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அது கிடைத்தால்தான் படித்த படிப்புக்கு மரியாதை. எஸ். கிளமென்ட் என்று பேர் போட்டு, இரண்டு கட்டுரையையும் காட்டியிருந்தான். ஜப்பான் பேராசிரியர் மிகப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: 'இரண்டாவது கட்டுரை உங்களுடையது அல்ல. உங்களை மறுத்து சவரிராஜ் என்பவர் எழுதியது. அவர் சொல்வதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. இம்மாதத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாது. சவரிராஜின் முகவரி தெரிந்தால் அனுப்பவும்.'

"அப்பன் சொத்து புள்ளைக்குத்தான்னு பதில் போடு தம்பி" என்றார் மீரா உசேன்.

கிளமென்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் நாகநாதனிடம் ஓடினான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சான்று வேண்டும்.

நாகநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "பட்டாவுல ரெத்தினம், ரேஷன் கார்டுல ரத்தினம். ரெண்டும் ஒரே ஆளுன்னு எத்தனையோ குடுத்திருக்கேன். அப்பனும் மவனும் ஒரே ஆளுன்னு இதுவரைக்கும் குடுத்ததில்லப்பா. ஒங்கப்பா வந்து, அந்தச் சவரிராஜ் நான் இல்லன்னு வாக்குமூலம் குடுக்கட்டும். எழுதித் தர்றேன்."

சவரிராஜ் கயிற்றுக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் விஞ்ஞானி இல்லன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

"அப்பா, வேல போயிரும்ப்பா."

"அவன்தான் என் அட்ரஸக் கேக்குறானே. நான் போயிட்டு வர்றேன்."

"போயி என்ன பண்ணுவீங்க?"

"இங்க பண்ணுனதத்தான். நீ சொல்றது தப்புன்னு சொல்லுவேன்."

கிளமென்ட் தலையில் கைவைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. சவரிராஜ் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போடுறேன். ஆனா இனிமே நீ எது எழுதுனாலும் எம்பேருலதான் வரணும். நடுவுல மாத்துனா நான் எழுதுறத நிறுத்திட்டேன்னு ஊரு பேசும்."

எப்படியும் இனி ஒரே பேரில்தான் எழுதியாகவேண்டும் என்பது கிளமென்ட்டுக்குத் தெரியும். பெரிய மனசோடு சம்மதிப்பவன்போலத் தலையாட்டினான்.

நாகநாதன் எழுதினார்: 'சவரிராஜ் மகன் கிளமென்ட் என்கிற சவரிராஜ்.' அடியில் தகப்பனார் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அதை இங்கிலீஷில் பெயர்த்து அடித்துக் கொடுத்த விண்ணரசி காசு வாங்க மறுத்துவிட்டாள். ஜப்பான்காரர் அதைப் படித்து என்ன புரிந்துகொண்டாரோ, வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது.

அங்கே போனபின் கிளமென்ட் என்று அவனைக் கூப்பிட ஆளே இல்லை. எல்லாரும் அந்த ஊர் மரியாதைப்படி 'சவரிராஜ்-சான்' என்றுதான் கூப்பிட்டார்கள். பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீரா உசேன் கடைக்குப் போன் அடித்தான்; எடுத்தவர் அப்பாதான்.

"அலோ, யாரு பேசுறது?"

"சவரிராஜ் பேசுறேன்."

"போன வைடா. சவரிராஜ் இங்க டீ குடிச்சிக்கிட்டிருக்கான்" என்றார் சவரிராஜ்.