இரண்டு சிரட்டைக் கீரை

செபமாலை மாமி இறந்த செய்தி எனக்குக் கோயில் மணியாகத்தான் வந்தது. வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருந்தோம். மணி விட்டு விட்டு அடித்தது. எல்லோரும் பென்சிலை வைத்துவிட்டு, யாராயிருக்கும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் வகுப்புத் தோழி பிலோமினாவின் தாய் வேலிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, வீட்ட ஓடு. மாமி போயிட்டா." காய்ச்சல் என்றார்கள். காய்ச்சலாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் எழுதமாட்டேன்.

மாமியை அறிந்தவர்களே, நாளை முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் எங்கள் முற்றத்தில் கூடுவீர்கள். மாமியைப் பற்றி எழுதியதை நான் வாசிக்கவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவர் சொல்லச் சொல்ல எழுதிய தாள் மேசையில் இருக்கிறது. மாமி பொறுமைசாலி, செபம் தவறாதவர், அம்மா இறந்தபின் அண்ணன் பிள்ளையான என்னை வளர்ப்பதற்காகக் கலியாணமே கட்டாமல் இருந்தவர் என்று அதில் இருக்கிறது. எல்லாம் உண்மை. இது வேறு தாள். விளக்கின் திரியைத் தாழ்த்தி, கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

எங்கள் மீன்வாடியை உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் வலைகளைக் கண்டல் பட்டைச் சாயத்தில் அவித்துக் காயப்போடுவோம். சண்டை தொடங்கி நூல் வராமல் போனபின், இருக்கிற வலை இற்றுப்போகக்கூடாது என்று அப்பா மயில்துத்தம் வாங்கிவந்தார். அந்த நீலக் கட்டிகளைத் தொட்டியில் கரைத்து வலைகளைத் தோய்த்தார்கள். வலை நன்றாகத்தான் நின்றது. நீங்களும் உங்கள் வலைகளைக் கொண்டுவந்து தோய்த்தீர்கள். மிஞ்சிய நீலத் தண்ணீரை வேலியோரம் ஊற்றினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஊர்க் கிணறு.

வேலிக்கு இந்தப் பக்கம் மாமியின் கீரைப் பாத்தி இருந்தது. அடுத்த விதைப்பில் முளைத்த கீரை வளரவே இல்லை. இலை வெளிறி மஞ்சளாகியது. வலை தோய்க்க வந்த சூசை அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன செபமாலை அக்கா, உங்கட கீரைக்கும் மஞ்சக்காமாலையோ?"

"நீ தோய்க்கிற தண்ணியில ஒரு மிடறு குடிச்சுப் பாரன். ஆருக்குக் காமாலையெண்டு அப்ப தெரியும்."

கடற்கரையில் செடி பட்டுப்போனால் எல்லோரும் உப்பைத்தான் சொல்வோம். நானும் உப்பு என்றுதான் சொன்னேன். மாமி ஒரு செடியைப் பிடுங்கினார். "உப்பெண்டா இலையிட விளிம்புதான் கருகும். இது நரம்பு பச்சையா நிக்க நடுவெல்லாம் மஞ்சளாகுது. வேரைப் பார்." வேர் கட்டையாகத் தடித்து, தீயில் காட்டியதுபோல் பழுப்பாக இருந்தது. பக்கத்துச் சிறு வேர் ஒன்றுகூட இல்லை. தொட்டியடியில் அறுகம்புல் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் பச்சையாய் நின்றது. அதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். "நஞ்சை வேருக்குள்ள பிடிச்சு வச்சுக்கொண்டு மேல காட்டாம நிக்குதோ என்னவோ" என்றார்.

கிணற்றைச் சோதிக்கலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு சிரட்டைகளில் தென்னந்தோப்பு மணலை நிரப்பி ஒரே பிடி விதையைப் பங்கிட்டுத் தூவினோம். ஒன்றுக்கு மழைத் தண்ணீர், மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீர். மழைத் தண்ணீர் குடித்த செடியின் வேர் வெள்ளை நூல்போல் நீண்டு வந்தது. கிணற்றுத் தண்ணீர் குடித்ததன் வேர் பாத்தியில் பார்த்த அதே கட்டை வேர். மாமி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "கிணறு கெட்டுப்போச்சு, பிள்ளை" என்றார். இதை நான் கனவு காணவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கியதும் கோயில் பங்குச் சுவாமி வந்தார். பூவரசமரத்தடியில் கதிரை போட்டு இருந்து, என்ன சாப்பிட்டார்கள், எங்கே தண்ணீர் அள்ளினார்கள் என்று கேட்டார். மாமி பக்கத்தில் நிற்கிறார் என்ற துணிவில் நான் எழுந்தேன்.

"சுவாமி, கிணத்துத் தண்ணியில மயில்துத்தம் இறங்கியிருக்கு. மாமி வேரைப் பார்த்துக் கண்டுபிடிச்சவ. கேளுங்க."

சுவாமி மாமியைப் பார்த்தார். மாமி அப்பாவைப் பார்த்தார்.

"சின்னப்பிள்ளைக் கதை, சுவாமி. அவ பொய் சொல்லுறா. நான் ஒரு வேரையும் பார்க்க இல்ல. உப்புத்தான். மாரி வந்தா எல்லாம் சரியாகும்."

நீங்கள் சிரித்தீர்கள். சூசை அண்ணன்தான் உரக்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அடிக்கவில்லை. "இன்னொருக்கா வாய் திறந்தா பள்ளிக்கூடம் இல்ல" என்று மட்டும் சொன்னார். மாமி இரண்டு சிரட்டைகளையும் அடுப்புக்குள் வைத்து எரித்தார். ஏன் மாமி என்று கேட்டேன். "தொட்டிய மூடினா எத்தின வீட்டில உலை வைப்பாங்க? உன்ட அப்பாவ ஊர் சும்மா விடுமா?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் நான் அவரோடு நல்லபடி கதைக்கவே இல்லை.

அடக்கத்தன்று அடுத்த ஊரான பள்ளிவாசல்துறையிலிருந்து ஆமினா உம்மா வந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஒங்கட மாமி விடியக் காலத்தால நடந்து வந்து எங்கட கெணத்துல ஒரு கொடம் அள்ளிட்டுப் போவா, மகள். ஏன் இவ்வளவு தூரம் எண்டு கேட்டா, எங்கட புள்ளைக்கு மட்டும் எண்டு செல்லுவா."

குசினி மூலையில் மூடி போட்ட சிறிய குடம் ஒன்று இருந்தது. அது என் குடம் என்றும் வேறொருவரும் தொடக்கூடாது என்றும் மாமி சொல்லுவார். நான் அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன். பொய்க்காரி என்று அவர் சொன்னதைக்கூட மறந்திருப்பேன். ஆனால் கிணறு நஞ்சு என்று தெரிந்துகொண்டே எனக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினார். பிலோமினா அந்தக் கிணற்றில் அள்ளினாள். அவளுடைய சின்னத் தங்கை இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மாமியும் அந்தக் கிணற்றுத் தண்ணீரையேதான் குடித்தார். என்மேல் வைத்த அந்த அன்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்து அழவும் முடியவில்லை, பெருமைப்படவும் முடியவில்லை.

மாமியின் செபமாலையை அப்பா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். நான் வைத்திருப்பது வேரைப் பார்க்கும் பழக்கமும் அந்தக் குடமும்தான். அடக்கத்துக்குப் பிறகு கோழிக்கூட்டின் பின்னால் மறைத்து, மறுபடியும் இரண்டு சிரட்டைகளில் விதைத்தேன். முளைத்திருக்கிறது.

நாளைக் கோப்பிக்கான தண்ணீர் பெரிய கிடாரத்தில் நிரம்பியிருக்கிறது. அந்தக் கிணற்றில் அள்ளியதுதான். அப்பாவின் தாள் மேசையிலேயே கிடக்கட்டும். நான் இதை வாசிப்பேன். பள்ளிக்கூடம் போனால் போகட்டும் என்று எழுதி, வெட்டி, மறுபடியும் எழுதுகிறேன். பாதியில் என்னைப் பிடித்து உள்ளே இழுத்தால், நீங்கள் கோழிக்கூட்டுப் பக்கம் போங்கள். ஒவ்வொரு சிரட்டையிலும் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பார்த்த பிறகு கோப்பி குடியுங்கள்.

நாளை முற்றத்தில் ஏற்றும் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் என் குடத்தை வைத்திருப்பேன். பள்ளிவாசல்துறைத் தண்ணீர். விடிய முதல் போய் நானே அள்ளி வருவேன். அதை முதலில் பிலோமினாவின் தங்கைக்குக் கொடுங்கள்.