முன்கண்ணாடிக்குள் ஓர் அட்டை

உங்கள் அம்மாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது உங்களுக்குத் தெரியும். நாங்கள் கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகு, கார் நிறுத்துவதற்கு ஊனமுற்றோருக்குக் கொடுக்கும் அட்டை அவருக்குக் கிடைத்தது. நீங்கள் அப்போது பிறக்கவில்லை. எங்கள் அகதி வழக்கும் முடியவில்லை.

அரசாங்கம் எங்கள் பெயர் போட்டுத் தந்த எந்தத் தாளும் எனக்கு அப்போது தங்கம். வழக்குப் பத்திரங்கள் இருந்த பிளாஸ்டிக் பையிலேயே அந்த அட்டையையும் வைத்து, ரப்பர் பட்டி போட்டு, அம்மாவின் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினேன். காருக்குள் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம். வெளியே தெரியும்படி முன்கண்ணாடிக்குள் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்த தாள் பிரெஞ்சில் இருந்தது.

மாசி மாதம் லாசால் பகுதியில் டாக்டரிடம் போய்த் திரும்பினால், ஊனமுற்றோருக்கான இடத்தில் விட்டிருந்த காரில் அபராத டிக்கெட் செருகியிருந்தது. எழுதியவர் பக்கத்தில்தான் நின்றார். பையை அவிழ்த்து அட்டையைக் காட்டினேன். கணுக்கால் வரை நீண்ட குளிர்கோட்டோடு நின்ற அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் போய்ச் சொல்லும்படி சொன்னார். அந்தப் பார்வை அம்மாவைச் சுட்டுவிட்டது.

கீழ்வீட்டு அண்ணை விஷயத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"கேஸ் முடியுமட்டும் ஒருத்தரோடையும் கொழுவாதை தம்பி. காசைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இரு."

"அட்டை இருக்குத்தானே அண்ணை."

"ஓம், அதை அவங்களுக்குப் பிரெஞ்சிலை சொல்லு பாப்பம்."

அம்மாவின் பயம் வேறு. "அங்கை போனால் காலைக் காட்டச் சொல்லுவினம். ஆம்பிளையளுக்கு முன்னாலை சீலையைத் தூக்க என்னாலை ஏலாது. அட்டையைத் திருப்பிக் குடுங்கோ. நான் நடக்கிறன்."

இந்த ஊர் உறைபனியில் அவர் விழுந்து எழும்பியதைக் கண்டவன் நான்.

"நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். பக்கத்திலை நிண்டால் காணும்," என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் வரிசை நீளம். அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதைக் கண்டுவிட்டு, எழுந்து வந்து ஒரு கதிரையைப் போட்டார். எங்கள் முறை வந்ததும் மெதுவான ஆங்கிலத்தில் விசாரித்தார். நான் ரப்பர் பட்டியைக் கழற்ற, வழக்குப் பத்திரமெல்லாம் மேசையில் சரிந்தது. அட்டை ஏன் இதற்குள் இருக்கிறது என்று கேட்டார். களவு போகாமல் இருக்கத்தான் என்றேன். சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை. உள்ளே போய்க் கேட்டுவந்து, டிக்கெட்டை ரத்துச் செய்தாயிற்று என்றார்.

அதுவரை சீலைக் கொய்யக மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"காலைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"இல்லை. கதிரைதான் தந்தவ."

அந்தப் பெண் கோட்டுக்கூடப் போடாமல் கார்வரை வந்து, இலக்கம் வெளியே தெரியும்படி அட்டையை வைத்துக் காட்டினார்.

"பிரெஞ்சிலையே கதைச்சனீ?" என்று கீழ்வீட்டு அண்ணை கேட்டார்.

"நன்றிக்கு மெர்சி மட்டும் சொன்னனான்."

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அட்டையை அம்மாதான் வைப்பார். "நம்பர் தெரியுதோ எண்டு இறங்கிப் பாருங்கோ," என்பார். நான் பனியில் இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துத் தலையாட்டுவேன். பிறகுதான் அவர் கதவைத் திறந்து, என் கையைப் பிடித்துக் காலை வெளியே வைப்பார்.