பத்தொன்பதாவது மாடி, பதினோரு நிமிடம்

போன வாரம் எங்கள் ஆபீஸில் தீப்பிடித்தது. பதறாதீர்கள்... ஒத்திகைதான்!

நரிமன் பாயிண்டில் எங்கள் பேங்க் புதிதாகக் கட்டியிருக்கும் தலைமையகத்தைப் பற்றி ஏற்கெனவே இங்கே நிறைய அளந்திருக்கிறேன். இருபத்து நான்கு மாடி. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். காதை அடைக்கும் வேகத்தில் ஆறு லிஃப்ட். புகை வந்தால் தானாக அலறும் மணி, கூரையிலிருந்து தானாகக் கொட்டும் தண்ணீர்... எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு ஏகப் பெருமை.

மணி அடித்தது. லிஃப்டுகள் நின்றன. 'லிஃப்ட் பக்கம் போகாதீர்கள், படியில் இறங்குங்கள்' என்று மைக்கில் உத்தரவு. பத்தொன்பதாவது மாடியிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இறங்கினோம். கீழே கடிகாரமும் கையுமாக செக்யூரிட்டி ஆபீசர். பட்டாளத்திலிருந்து வந்த வேலூர்க்காரர்.

"பதினோரே நிமிஷம்! எல்லாரும் பத்திரம்!" என்றார். கைதட்டினோம். நானும்தான்.

மேலே திரும்பி வந்தால், சுலைமான் தன் மேஜையில் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சுலைமான் தாராவிக்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் வந்த போலியோவால் இடது காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல். தினமும் மாஹிமில் ரயிலேறி, அடுத்து மாட்டுங்கா ரோடில் ஏறும் எனக்காக பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பவர். அவரை மறந்துவிட்டுத்தான் கீழே கைதட்டியிருக்கிறேன்!

"பத்திரமா எறங்கிட்டியளா சார்? லிஃப்ட்டுல வரப்புடாதுன்னுட்டாவ. அதான் இருந்துட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனிதர். உடனே வழி சொல்லிவிட்டார் — சுலைமானைத் தரைத்தளத்துத் தபால் பிரிவுக்கு மாற்றிவிடலாம். சுலைமான் மசியவில்லை. அவர் மேஜை ஜன்னலோரம். தலை நிமிர்ந்தால் கடல்.

"எங்க வீட்டுல நிமிந்தா எதுத்த வீட்டுத் தகரம்தான் சார். தீ என்னைக்கோ ஒருநா வரும்... வராமயும் போவும். கடலு தெனமும்லா இருக்கு?"

நானும் மேனேஜர் யோசனைக்குத் தலையாட்டியவன்தான். ஒருவரைப் பத்திரமாக வைக்க நமக்குத் தெரிந்ததெல்லாம், அவரை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடுவதுதானா?

வெள்ளிக்கிழமை மறுபடி மணி அடித்தது. இந்த முறை நாங்கள் நாலு பேர் சுலைமானை நாற்காலியோடு தூக்கினோம். மடியில் ஊன்றுகோல். ஒவ்வொரு திருப்பத்திலும் "பைய... பைய..." என்று அவரே வழி சொன்னார். ஏழாவது மாடியில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கட்டடத்திலேயே கடைசியாகக் கீழே வந்து சேர்ந்தது நாங்கள்தான்.

ஆபீசர் முகத்தைச் சுளித்தார். "பதினெட்டு நிமிஷம்! போன தடவையைவிட மோசம்."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுலைமான் கேட்டார்:

"ஆளை எண்ணிப் பாத்தியளா சார்?"