அம்மா போகாத மூன்றாம் நாள்

"மூன்றாம் நாள்: தீவனம்." அம்மாவின் பயிற்சி நோட்டில் தேதியோடு இந்த ஒரு வரிதான் இருக்கிறது. தலைப்பை முந்தின நாளே எழுதி வைத்திருக்கிறார்; அதற்குக் கீழே பக்கம் காலி.

இன்று காலை, பௌர்ணமிக்கு மறுநாள், அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் மிஞ்சிக் கிடந்த அன்னதானச் சோற்றின் புளித்த வாடை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா போன வகுப்பு அது; முதன்முதலாகக் கறவை மாடு வாங்கியவர்களுக்கான மூன்று நாள் வகுப்பு. கடைசி நாள் பௌர்ணமி.

"ஒரு நாள் போவலன்னா மாடு கோச்சுக்குமா? நம்ம டீக்கடையில இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி," என்று அப்பா சிரித்தார். அம்மா கடையில் நின்றுவிட்டார்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் மிஞ்சிய சோற்றை இரண்டு கூடை சுமந்து வந்து எங்கள் ஜெர்சி மாட்டுக்கு வைத்தோம். நக்கி நக்கித் தின்றது.

"இன்னிக்குப் பால் கொட்டப் போவுது பாரு, பாப்பா!" என்றார் அம்மா.

மாலையில் வயிறு உப்பிப் படுத்தது. விடிந்து டாக்டர் வந்தபோது தலையைத் தூக்கவில்லை.

"இவ்ளோ சோறு வெக்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொல்லலியாம்மா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்," என்றார் அம்மா.

மதியத்துக்குள் மாடு செத்தது. "படிச்சிட்டு வந்தவளே கொன்னுட்டா" என்று தெருவில் பேசினார்கள். அப்பா டீக்கடையைத் திறக்கப் போய்விட்டார். அம்மா சாகும்வரை இன்னொரு மாடு வாங்கவில்லை.

அந்த வகுப்பில் சோற்றைப் பற்றிச் சொன்னார்களா? உடன் படித்த இருவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். ஒருவர் சொன்னார்கள் என்கிறார். மற்றவர் இல்லவே இல்லை என்கிறார். இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.