நன்றி நவிலல்

எனக்கு நன்றி சொல்ல வராது. வாய்க்குள்ளேயே நின்றுவிடும். இந்தக் குணத்தோடு இத்தனை வருடம் வாழ்ந்து எனக்கே அலுத்துவிட்டது.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினொரு நாள் பகல் முழுவதும் வார்ட்டில் இருந்தவள் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிநேகிதிதான். கஞ்சி பருக்கினாள், தலை வாரி இழுத்துவிட்டாள், அம்மாவுக்காக நர்ஸ்மாரோடு சிங்களத்தில் சண்டையும் பிடித்தாள். அம்மா வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லத்தான் வராது, எழுதலாமே என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். எங்கள் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரு ரோசாப்பூவைப் போட்டுத் 'தேங்ஸ்' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பூவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் அதையா அனுப்புவது? மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் கனமான சொல் ஒன்று அகப்பட்டது. "நன்றி நவிலல். எங்கள் அன்பு அம்மாவுக்காக" என்று தொடங்கி, அவள் செய்த ஒவ்வொன்றையும் எழுதி அனுப்பிவிட்டு, போனை அறையில் வைத்துவிட்டு மீன் வெட்டப் போனேன்.

சின்ன வயதிலிருந்து பத்திரிகையில் பார்த்த சொல்தான். ஆனால் செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்கு நன்றி சொல்லிப் போடும் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் பெல் அடித்தது. அம்மாதான் வோக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வெள்ளைச் சேலையும் கையில் மெழுகுதிரிப் பெட்டியுமாக அவள் நின்றாள். "ஐயோ ஆன்டி!" என்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள்.

"ஆர் பிள்ளை செத்தது?" என்று கேட்டு அம்மாவும் சேர்ந்து அழுதார்.

விசயம் விளங்கியதும் எனக்குக் கோபந்தான் வந்தது. "முழுசா வாசிச்சிருக்கலாமே?" என்று எரிந்து விழுந்தேன்.

"அந்தத் தலைப்பைக் கண்டபிறகு ஆரடி வாசிப்பா? போன் அடிச்சா நீ எடுக்கேல்ல. ஆன்டி செத்து ஒரு மாசம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல எண்டு பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தனான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்ப முன்னாலதான் நிக்கிறன். அதில என்ன எழுதினனி எண்டு வாயால சொல்லு, பாப்பம்."

எழுதியது முழுவதும் எனக்கு மனப்பாடம். கையில் மீன் செதிலோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.