இரவல் சபை

பயம் எனக்குப் பிறவிச் சொத்து. தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக இருந்தவன் நான். ஒருவன் காலில் பாராங் கத்தி பட்டு எலும்பு தெரிந்தாலும் நிதானமாகத் தையல் போடுவேன். ஆனால் ஆபீஸ் டெலிபோனில் எனக்கு அழைப்பு என்று யாராவது வந்து சொன்னால் வயிறு கலங்கிவிடும். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் கலங்கியது.

கோலாலம்பூரில் எங்கள் சபையின் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். ஆஸ்திரேலிய விருந்தாளிகள் அடுத்த வாரம் வரவேண்டியவர்களாம். பயணம் மாறிவிட்டதால் இன்றைக்கே வருகிறார்களாம், கார் புறப்பட்டுவிட்டதாம். "பதறாதீங்க பிரதர், ஆராதனையப் பாத்துட்டுப் போயிருவாங்க" என்றார். பதறாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் நான் முறையாகப் பதற ஆரம்பிப்பேன்.

காரணம் இருந்தது. கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் எங்களுடையதைப் போன்ற பலகை ஆலயங்கள் சில இருந்தன. கடல் கடந்த ஓர் ஆஸ்திரேலியச் சபை எங்களோடு கைகோத்து, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் உபதேசியாரைப் பல வருடமாகச் சம்பளம் கொடுத்துத் தாங்கி வந்தது. இனி எல்லா இடத்தையும் தாங்க முடியாது, ஆள் இருக்கிற இடத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று அங்கே பேச்சாம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் அந்தச் சபையின் மூப்பர் ஒருவரும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். ஆலயம் காலியாக இருந்தால் கதவுக்குப் பூட்டு, உபதேசியாருக்கு மாற்றல். அவர் மனைவிக்கு அப்போதுதான் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தை பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. மூத்த மகளுக்கு அந்த வருடம் பரீட்சை.

அன்றைக்கு ஆள் குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆளே இல்லை. எங்கள் குடும்பங்கள் அத்தனையும் ஒரு கல்யாணத்துக்காக லோரி பிடித்து விடியும் முன்பே சுங்கை சோ போய்விட்டன. என் மனைவியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறிவிட்டாள். போதகரும் அங்கேதான், தாலி எடுத்துக் கொடுப்பதே அவர்தானே. எனக்கு டியூட்டி. உபதேசியார் காய்ச்சல் விட்டு எழுந்தவர். ஆக, சபை என்பது அவரும் அவர் மனைவியும் மகள்களும், நடுங்கிக்கொண்டிருந்த நானும்.

ஓடினேன். மண்டோர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எங்கள் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிற பெரிய மண்டோர் அவர். மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவரே. மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மோட்டார் குடுங்க. சுங்கை சோ போயி ஒரு பத்துப் பேரயாவது ஏத்திக்கிட்டு வந்துர்றேன்."

"மோட்டார்ல பத்துப் பேரா? சர்க்கஸ்லயா சேந்துட்ட?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஆளுதானலா பிரச்சன? வெட்டுற கும்பல்ல ஆளு கொறஞ்சா நான் என்னா செய்வேன்? ஒரம் போடுற கும்பல்லருந்து நாலு, புல்லடிக்கிற கும்பல்லருந்து நாலு எடுத்து நெரப்புவேன். வேல முடிஞ்சா அவனவன் கும்பலுக்குப் போயிருவான்."

"இது வேல இல்லண்ணே. ஆராதன."

"ஒக்காரத்தான சொல்ற? நாள் பூரா நிக்கிறவன் ஒக்கார மாட்டானா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பெஞ்சு பத்துமாண்ணே?" என்று வெளியே வந்தது.

மண்டோரின் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் லயத்து வீடுகளிலிருந்து ஜனம் கும்பல் கும்பலாக வந்தது. ஆண்கள் தலையில் எண்ணெய் பளபளத்தது. பெண்கள் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு வருவதுபோல மஞ்சள் பூசி, பூ வைத்து, வட்ட வட்டமாகக் குங்குமப் பொட்டோடு வந்தார்கள். ஒரு பெரியவர் நெற்றி நிறையத் திருநீறு. எனக்கு மயக்கம் வந்தது. மண்டோரின் மனைவியிடம் மெதுவாகப் போனேன்.

"அக்கா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இந்தப் பொட்டக் கொஞ்சம் அழிச்சிட்டா..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டழிக்க எம்புருசன் என்னா செத்தா போயிட்டான்? அந்தா நிக்கிறான் பாரு, குத்துக்கல்லாட்டம்."

அதற்குமேல் எந்த நெற்றியைப் பற்றியும் நான் பேசவில்லை.

உபதேசியார் கதவருகே வேதாகமத்தோடு நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். "டிரஸரே, என்னா இது?"

"எரவல் வாங்கினதுங்கய்யா. சாயங்காலம் திருப்பிக் குடுத்துரலாம்."

"பொய்யி சொல்ற மாதிரி ஆயிரும் தம்பி."

"யாரு பொய்யி சொன்னா? யாரும் ஒண்ணும் சொல்லலியே. ஒக்காந்திருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் ஏதோ பதில் சொல்ல வந்தார். அதற்குள் புக்கிட் பெலிம்பிங் பாதையிலிருந்து திரும்பிய கார் செம்மண் புழுதியோடு வந்து நின்றுவிட்டது.

மூப்பர் பனைமரம் போல உயரம். குனிந்துதான் உள்ளே வந்தார். அவர் மனைவி குட்டையாக, வெயிலில் சிவந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி வந்தார். வெள்ளைக்காரரைக் கண்டதும் மொத்த ஆலயமும் எழுந்து, "வணக்கம் தொர" என்றது. பழைய நாளில் தோட்டத்துத் துரை லயத்தைப் பார்க்க வந்தால் சொல்கிற அதே இழுவை. மூப்பர் அதை ஏதோ தமிழ் ஆசீர்வாதம் என்று எண்ணித் தலை வணங்கினார்.

பாடும்போது மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன். உபதேசியார் ஒரு வரி பாட, ஜனம் அதை வாங்கிப் பாடியது. பஜனையில் பழகின தொண்டைகள் அல்லவா, கூரைத் தகரம் அதிர்ந்தது. எங்கள் சொந்தச் சபை அப்படி ஒருநாளும் பாடியதில்லை. மூப்பரின் மனைவி கைதட்டினார். என் பயம் கொஞ்சம் இறங்கியது. ஒரு நிமிடம், இவர்களையே வைத்துக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

பிறகு மூப்பர் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். காணாமல்போன ஆடு, தேடிப்போன மேய்ப்பன், எல்லாம் சுமுகம். தோட்டத்தில் ஆடு தொலைத்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் உருகிப்போய்க் கேட்டார்கள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, இன்றைக்கு இயேசுவைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். என் மூளை நின்றுபோயிருந்தது. வாய் மட்டும் வேலை செய்தது. "கைய ஒசத்தச் சொல்றாருங்க."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் பொருள் வேறு. தினமும் விடியும் முன்னே பெரட்டு. வரிசையாக நிற்பார்கள், மண்டோர் கேட்பார், கையைத் தூக்க வேண்டும். தூக்காதவனுக்கு அன்றைக்குப் பேர் போட மாட்டார்கள். பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. துரை முன்னால் கையைத் தூக்கச் சொன்னால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் மூன்று தலைமுறையாக யாருக்கும் இல்லை.

அத்தனை கையும் ஒரே வீச்சில் எழுந்தது. முதல் கை கோயில் தலைவருடையது. ஓர் ஆயா இரண்டு கையையும் தூக்கினார். குழாயடிக்குப் போயிருந்த மருமகளுக்கும் சேர்த்து.

மூப்பரின் கண்கள் நிறைந்துவிட்டன. பல நாடு சுற்றியும் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை என்றார். நான் அதை நம்பினேன். அடுத்து, பக்கத்தில் ஆறு ஏதும் இருக்கிறதா, இன்றைக்கே இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"ஆற்றில் முதலை இருக்கிறது" என்றேன் ஆங்கிலத்தில். அது உண்மைதான். கர்த்தர் காப்பார் என்றார் அவர். "நிறைய முதலை" என்றேன். வேறென்ன சொல்ல? மண்டோர் என் சட்டையை இழுத்து, "என்னாலா சொல்றாரு, ஓவர்டைமா?" என்றார்.

அப்போதுதான் உபதேசியார் எழுந்தார். "டிரஸரே, நான் சொல்றத அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க. ஒண்ணயும் மாத்தாதீங்க."

"அய்யா, ஒக்காருங்கய்யா. கார் போகட்டும்."

"சொல்லுங்க. இவங்க எங்க சபையில்ல. எங்க சபை கல்யாணத்துக்குப் போயிருக்கு. இவங்க பக்கத்து வீட்டுக்காரங்க. எனக்கு வேல போயிறக் கூடாதுன்னு வந்தவங்க. இவங்க கை தூக்குனதுக்கு நீங்க நெனக்கிற அர்த்தமில்ல."

தன் தலையை வெட்டச் சொல்கிற ஆணையைத் தானே உரக்கப் படிக்கிறவன் எப்படிப் படிப்பானோ அப்படி மொழிபெயர்த்தேன். 'வேலை போய்விடக் கூடாது' என்ற இடத்தில் குரல் உடைந்தது. நான் உருகிவிட்டதாக மூப்பரின் மனைவி நினைத்து என் தோளைத் தட்டினார். உண்மையில் எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மண்டோரைப் பார்த்து, அப்படியானால் ஏன் கையை உயர்த்தினீர்கள் என்று கேட்டார்.

"தொர தூக்கச் சொன்னாரு, தூக்குனோம்" என்றார் மண்டோர். "அந்தச் சாமி நல்ல சாமிதான், ஒண்ணும் கொறையில்ல. எங்களுக்கும் ஒண்ணு இருக்கு. ஆனா உபதேசியார அனுப்பிறாதீங்க தொர. லயத்துல எவனாச்சும் சம்சு குடிச்சிட்டு ஆட்டம் போட்டா இவரு போயி வாசல்ல நின்னாப் போதும், அடங்கிருவான். நான் போயி நின்னா எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துறான்."

"ஊத்துனா இவரு வேணான்னா சொல்றாரு" என்றார் மண்டோரின் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து.

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று விழித்தேன். மாற்றாதே என்று உபதேசியார் சொல்லியிருந்தாரே. பொட்டுக்கார அக்கா கடைசியாகச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பரின் மனைவி சிரித்தார். மூப்பர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன ஜெபம் செய்தார், உபதேசியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார், தேத்தண்ணி குடித்தார். கல்யாண லோரி திரும்பும் முன்பே கார் போய்விட்டது.

அடுத்த வாரங்களில் நான் இளைத்தேன். உபதேசியார் வழக்கம்போல லயம் லயமாகப் போய்வந்தார். அவர் மனைவி மட்டும் அடுப்படித் தட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு மாலை போதகர் வந்தார். உபதேசியார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எங்களை நன்றாகக் காக்கவைத்து, கால் வலியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுச் சொன்னார்.

"ஒங்கள இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. பெரியவரு யோசிச்சாராம். அந்தம்மாதான் விடலியாம்."

உபதேசியார் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்று போதகர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவ மொழிபெயர்க்க வேற ஆளு பாக்கச் சொல்லியிருக்காங்க."

அவமானப்பட வேண்டிய இடம்தான். எனக்கோ நெஞ்சிலிருந்து நெல் மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. "கர்த்தருக்குத் தோத்திரம்" என்று மனசாரச் சொன்னேன். நான் அதை மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுப்படியில் செய்தித்தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறின.